வலது பக்கத்து ஏணி

டிங், டிங். சாந்துச் சட்டி விளிம்புல கொத்தனாரோட கரண்டி, சாந்து கேட்டு ரெண்டு தட்டுத் தட்டுச்சு. கேட்டதுதான் தாமதம், ஒச்சம்மாவோட இடுப்பு தானாக் குனியப் பாத்துச்சு. அட கூறுகெட்ட இடுப்பே, ஒன்னையவா கூப்பிட்டாக, சும்மா கெட. கூப்பிட்டது அந்தச் சங்கவியை. ஒனக்குத்தான் கையில ஓஸைக் குடுத்து, நேத்துக் கட்டுன சுவத்துக்குத் தண்ணி விடச் சொல்லி ஓரமா நிறுத்தியாச்சே. தண்ணி விடுறதெல்லாம் ஒரு வேலையா? பிள்ளத்தாச்சிக்கும் காச்சக்காரிக்கும் பாவம் பாத்துக் குடுக்கிற வேலை. மேஸ்திரி ராசாங்கம் அதைப் பெரிய தயவு மாதிரியில்ல சொன்னான். "இடுப்பு சரியாகுற வரைக்கும் கீழ நின்னு நனைச்சுக்கிட்டு இரு ஒச்சம்மா, தவசிக்கு அந்தச் சின்னப் பிள்ளைய விடுறேன்." விடுறானாம். மதுரைக்கு இங்கிட்டு எந்த மேஸ்திரிய வேணும்னாலும் கேக்கட்டும், தவசி கொத்தனாருக்குச் சித்தாளுன்னா அது ஒச்சம்மா. அவனை வேலைக்குக் கூப்பிட ஆள் வந்தா, ஒச்சம்மாவுக்கும் சேத்துத்தான் சொல்லிவிடுவாக. அவன் கட்ட, இவ சாந்தும் கல்லும் ஏத்திக் குடுக்க, அப்படியே எத்தனை வீடு, எத்தனை மாடி, எத்தனை காம்பவுண்டுச் சுவரு. இப்ப இந்தப் புது நகர்ல, வேலிக்கருவைக் காட்டை அழிச்சு எழும்புற இந்த வீட்டுல, அவன் சாரத்துல நின்னு கட்டுறான், இவ கீழ நின்னு தண்ணி பீச்சுறா. கொஞ்ச நாள் பொறுத்துக்கிட்டா மேல ஏறிறலாம்னுதான் மனசைத் தேத்தி வச்சிருக்கா. ஆனா ஒண்ணு, அதுக்குள்ள அந்தச் சங்கவிக்குக் கை படிஞ்சிரக் கூடாது. படிஞ்சிருச்சுன்னா முடிஞ்சது கதை. பெறகு ஒச்சம்மாவை எவன் கூப்பிடப் போறான்? ஓஸ்தான் அவளுக்குக் கடைசி வரைக்கும்.

தண்ணி செங்கல்லுல பட்டதும் சுவரு உஸ்ஸுன்னு உறிஞ்சுச்சு. வெயிலு இன்னும் உச்சிக்கு வரல, அதுக்குள்ள இந்தக் காச்சு காச்சுது. நின்னுக்கிட்டே இருந்தாலும் வலி, உக்காந்தாலும் வலி. படுத்தா மட்டும் விடுதா? ஒருக்களிச்சுப் படுத்து முழங்காலுக்கு நடுவுல தலகாணிய வச்சு, அப்பறம் திரும்பணும்னா கட்டில் சட்டத்தைப் பிடிச்சு உடம்பை மொத்தமா உருட்டணும். ஆசுபத்திரியில படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "சவ்வு வெளிய பிதுங்கியிருக்கும்மா, நரம்பை அழுத்துது, இனிமே குனியக் கூடாது, தூக்கக் கூடாது, இடுப்பைத் திருப்பக் கூடாது"ன்னு அந்த டாக்டர் பொண்ணு சொல்லுச்சு. நல்ல பொண்ணுதான், சிரிச்ச மொகம். குனியாம தூக்காம திரும்பாம என்ன வேலை இருக்கு ஒலகத்துல, அதையும் நீயே சொல்லிருன்னு கேக்கத் தோணுச்சு, கேக்கல. பெல்ட்டு ஒண்ணு குடுத்தாக. அதைச் சேலைக்கு மேல கட்டி, அதுக்கு மேல புருசன் பால்ச்சாமியோட பழைய முழுக்கைச் சட்டைய மாட்டி மறைச்சுக்கிட்டுத்தான் வேலைக்கு வர்றது. பெல்ட்டு தெரிஞ்சா மேஸ்திரி வீட்டுல இருன்னுருவான். இடது குண்டியில ஆரம்பிச்சு, தொடைக்குப் பின்னால எறங்கி, கெண்டைக்கால் வழியாச் சுண்டுவிரல் வரைக்கும் சுளீர்னு ஒரு இழுப்பு. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓஸைப் பிடிச்சா. மணல் குமி மேல படுத்துக் கெடந்த செவலை நாய் எந்திரிச்சு, முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, முதுகை வில்லா வளைச்சுச் சோம்பல் முறிச்சுச்சு. அதைப் பாத்ததும் ஒச்சம்மாவுக்கு வயித்தெரிச்சலாப் போச்சு. எப்படி வளையுது பாரு சனியன், ஒரு முனகல் இல்ல. எதுத்த வீட்டு மாடியில ஒருத்தி வாளியில குனிஞ்சு குனிஞ்சு துணிய எடுத்துக் கொடியில போடுறா, அவ பாட்டுக்குப் போனைக் கழுத்துல இடுக்கிக்கிட்டுப் பேசிக்கிட்டே போடுறா. குனியிறோம்ங்கிற நெனப்பே இல்லாமக் குனியிறா. கொடுத்து வச்ச சிறுக்கி.

ஆனா அந்த நாயும் எதுத்த வீட்டுக்காரியும் எம்மாத்திரம். இந்தா வர்றாளே சங்கவி, இவளைப் பாத்தாத்தான் ஒச்சம்மாவுக்கு ஈரக்கொலையில இருந்து எரியுது. கல்யாணமாகி ஒரு பிள்ளையப் பெத்தவதான், ஆனா இடுப்பா அது, ரப்பரு. கலவைகிட்டப் போயி பொத்துன்னு குத்தவைக்கிறா, சட்டிய ரொப்புறா, சும்மாட்டைத் தலையில சொருகுறா, ஒரே எத்துல சட்டி தலைக்கு ஏறுது. எந்திரிக்கிறப்போ கையை எதுலயும் ஊணல. "அக்கா, இடுப்பு எப்படிக்கா இருக்கு, பரவாயில்லையா?"ன்னு தினமும் ஒரு கேள்வி வேற. நல்ல மனசாத்தான் கேக்குறா, அதுதான் இன்னும் பத்திக்கிட்டு வருது. கெட்டவளா இருந்தாலாவது நாலு வார்த்தை ஏசி மண்ணை வாரித் தூத்தலாம். நேத்து டீ வந்தப்போ எல்லாருக்கும் முன்னால இவளுக்குத்தான் கொண்டாந்து நீட்டுனா, "நீங்க அங்க வரைக்கும் நடக்க வேணாம்க்கா." நடக்க முடியாதவன்னு முடிவே கட்டிட்டா போல. ஏணியில வெடுக்கு வெடுக்குன்னு ஏறுனா. மேல் படியில நின்னு சட்டிய எறக்கி, அவன் சோத்தாங்கைப் பக்கமாப் பலகையில வச்சா. வச்சதும் ஒச்சம்மாவுக்கு உள்ளுக்குள்ள ஒரு சின்னக் குளிர்ச்சி. இன்னிக்கும் வலது பக்கம்தான் வைக்கிறா. வைய்யிடி வைய்யி, நல்லா வைய்யி.

ஏன்னா தவசிக்கு இடதுகைப் பழக்கம். கரண்டி இடதுகையில, கல்லு வலதுகையில. ஊரு ஒலகத்துல இருக்கிற கொத்தனுக்கெல்லாம் சாந்து வலது பக்கம் இருக்கணும், இவனுக்கு மட்டும் இடது பக்கம். பலகை ரெண்டு சாண் அகலம், அதுல நின்னுக்கிட்டு வலது பக்கத்துச் சட்டியில இடதுகைக் கரண்டிய முக்கணும்னா, ஒவ்வொரு தடவையும் இடுப்போட சேத்து மேலுடம்பை அப்படியே முறுக்கணும். "இடது பக்கம் வைய்யி"ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. ஆனா அவன் சொல்ல மாட்டான். செத்தாலும் அவன் வாயில வராது. ஏன்னு இவளுக்கு மட்டும்தான் தெரியும். அவுக ரெண்டு பேரும் சோடி சேந்த புதுசு, ஒரு பெரிய வீட்டுல தலவாசலுக்கு நிலை வைக்கிற நாளு. மாலை போட்டு மஞ்சக் குங்குமம் வச்ச நிலை நிக்கிது. வீட்டுக்காரரோட மாமன்னு ஒருத்தர், வேட்டி விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு நின்ன மனுசன், "பீச்சாங்கைக்காரனா நிலை நிறுத்துறது? வேற ஆளே இல்லையா ஒங்க கூட்டத்துல?"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுப்புட்டார். தவசி கரண்டியக் கழுவி, துடைச்சு, சாக்குல போட்டுக்கிட்டு எறங்கிப் போயி வேப்ப மரத்தடியில குத்தவச்சான். வேற கொத்தன் நிலைய நிறுத்துனான். அன்னிக்கு எல்லாருக்கும் சுண்டலும் கேசரியும் இலையில வச்சுக் குடுத்தாக, அவன் தொடல, பீடியப் பத்த வச்சுக்கிட்டே இருந்தான். ஒச்சம்மாவும் தொடல. அவ இலைய எடுத்துக்கிட்டுப் போயி நாய்க்கு வச்சதை அவன் பாத்தானா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதுக்குப் பெறகு தன் கையைப் பத்தி அவன் யாருகிட்டயும் ஒரு பேச்சுப் பேசுனதில்ல. யாராவது கரண்டிய உத்துப் பாத்தாக்கூட ஒடனே மொகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்குவான்.

மறுநாளு ஒச்சம்மா சட்டிய இடது பக்கம் வச்சா. யாரும் சொல்லல, அவளாத்தான் வச்சா. ஏணி என்னிக்கும் வலது பக்கம்தான் கெடக்கும், எல்லாக் கொத்தனுக்கும் அப்படித்தான் போடுறது வழக்கம். அதனால மேல் படியில நின்னு, தலைச் சுமைய எறக்கி, இடுப்பை முறுக்கி, அவன் குதிங்காலுக்குப் பின்னாலயே கையை நீட்டி அந்தப் பக்கம் கொண்டுபோயிச் சட்டிய வைக்கணும். வச்சா. அவன் கரண்டி வலது பக்கம் போயி, வெறும் பலகையில தட்டி, ஒரு கணம் நின்னு, அப்பறம் இடது பக்கம் எறங்குச்சு. திரும்பிப் பாக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு, சுவத்தைப் பாத்துக்கிட்டே, "கை படிஞ்சிருச்சு புள்ள"ன்னான். அம்புட்டுத்தான். அதுக்குப் பெறகு எத்தனையோ வருசம் கூட நின்னாச்சு, அந்த மாதிரி இன்னொரு வார்த்தை அவன் சொன்னதில்ல, இவ எதிர்பாத்ததும் இல்ல. அந்த ஒண்ணை வச்சே ஓட்டிட்டா. சோறு திங்கிறப்போ, பஸ்ஸுல கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறப்போ, எப்பவாச்சும் எடுத்துப் பாத்துக்குவா. இதை என்னன்னு சொல்றது? பால்ச்சாமி கூட ஆட்டோவைத் துடைச்சுக்கிட்டே கேலி பேசுவான், "என்னடி, அந்தக் கொத்தன் லீவு போட்டா ஒனக்குச் சோறு எறங்காது போலயே?" அட போய்யா, அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாது. சத்தியமாக் கெடையாது. தவசி பொண்டாட்டி காளியம்மா ஒரு தீபாவளிக்கு முறுக்கு செஞ்சு கொண்டாந்து குடுத்தா, ஒச்சம்மாவுக்கு அவ மேல ஒரு பொட்டுப் பொறாமை வந்ததில்ல. காளியம்மாவுக்கு அவன் வீடு, அவன் சோறு, அவன் பிள்ளைக. இருந்துட்டுப் போகட்டும். சுவரு இவளோடது. அவ்வளவுதான் இவ கேட்டது. அந்தச் சுவத்துக்குள்ள காளியம்மாவே வந்ததில்ல, இந்தச் சங்கவி வந்து நிக்கிறா.

டிங், டிங். மறுபடி குனியப் பாத்துச்சு இடுப்பு. ஏய். ஒச்சம்மா கையைச் சுவத்துல ஊணிக்கிட்டா, ஈரச் சுவரு சில்லுன்னு இருந்துச்சு. இந்த வாரம் பூரா இப்படித்தான். அந்தச் சத்தம் காதுல விழுந்தா மனசு யோசிக்கிறதுக்கு முன்னால உடம்பு கெளம்பிருது. ராத்திரி பக்கத்து வீட்டுல எவளாவது டம்ளரைக் கரண்டியில தட்டுனாக்கூட முழிப்பு வந்துருது. இப்ப அவன் முறுக்குறான் பாரு. சுவத்தைப் பாத்து நின்னவன், கரண்டிக் கையை நெஞ்சுக்குக் குறுக்க கொண்டுபோயி, வலது பக்கம் குனிஞ்சு, சாந்தை அள்ளி, திரும்பி வந்து போடுறான். கல்லு இடது பக்கம் அடுக்கியிருக்கு, அதுக்கு ஒருக்கா அங்கிட்டு முறுக்கு. சரியாத்தான் வச்சிருக்கா சங்கவி, எல்லாக் கொத்தனுக்கும் வைக்கிற மாதிரியே. நல்லா முறுக்கட்டும். அப்பத்தான் அருமை தெரியும். காலையில வந்ததும் ஒரு வார்த்தை கேட்டானா, எப்படி இருக்கன்னு? "என்ன ஒச்சம்மா, இன்னிக்கும் தண்ணிப் பக்கமா?"ன்னான், அவ்வளவுதான், ஏறிட்டான். எனக்கு ஒச்சம்மாதான் வேணும், அவ வர்ற வரைக்கும் நானே எறங்கி எடுத்துக்கிறேன்னு மேஸ்திரிகிட்டச் சொல்லியிருந்தா நாக்கா அழுகிப்போயிரும்? சொல்ல மாட்டான். சொல்லாமயே அவனுக்குத் தோணணும், இப்படி முறுக்கி முறுக்கி இன்னும் ஒரு வாரம் போனா தானாத் தோணும். இந்தப் பிள்ளைக்கு வேலை தெரியல, பழைய ஆளைக் கூப்பிடுங்கன்னு அவன் வாயாலயே வரும். சங்கவிக்கு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சொல்லவே மாட்டா ஒச்சம்மா. எதுக்குச் சொல்லணும்? இவளுக்கு எவ சொன்னா? இவ கேசரியத் திங்காமத் தெரிஞ்சுக்கிட்டது அது. நேத்து வந்தவளுக்குத் தட்டுல வச்சா குடுப்பாக?

தண்ணி காலடியில தேங்கி, செருப்பில்லாத காலுல சிமெண்டுப் பாலா ஓடுச்சு. ஓஸை அடுத்த வரிசைக்குத் திருப்புனா. திருப்புறதுன்னா இப்ப கைய மட்டும் திருப்ப முடியாது, பாதத்தை எடுத்து வச்சு, பொம்மை மாதிரி ஆளையே மொத்தமாத் திருப்பணும். இந்த இடுப்பு எங்க போச்சுன்னு ஒச்சம்மாவுக்குத் தெரியும். டாக்டர் பொண்ணு கேட்டுச்சு, "எப்பவாச்சும் கீழ விழுந்தீங்களா?"ன்னு. விழல. ஒரு நாளும் விழல. சட்டியத் தூக்குனதுனாலயும் போகல, தூக்குறது எல்லாச் சித்தாளும்தான் தூக்குறா. அந்த முறுக்கலுலதான் போச்சு. கனத்தோட மேல் படியில நின்னு, அவன் காலுக்குப் பின்னால கையை நீட்டுற அந்த ஒரு முறுக்கு. அவன் முறுக்க வேண்டியதை இவ முறுக்குனா. அவன் இடுப்புக்கு வர வேண்டியது இவ இடுப்புக்கு வந்துச்சு. இது அவனுக்குத் தெரியாது. தெரிய வேணாம். ஆனா தெரியாமயே ஒருத்தன் இப்படி நிம்மதியா இன்னொருத்திகிட்ட வாங்கிக் கட்டுறானேன்னு நெனைக்கிறப்போதான் கண்ணு கரிக்குது. அழுகையா, ஆத்திரமா? ரெண்டும்தான். சீ, கழுதை, வேலை நேரத்துல என்ன இது. ஓஸுத் தண்ணியில மூஞ்சியக் கழுவிக்கிட்டா.

அப்பத்தான் அதைப் பாத்தா. மேல நின்ன தவசி கரண்டியச் சுவத்து மேல வச்சுட்டு, வலதுகையைப் பின்னால கொண்டுபோயி இடுப்புக்குக் கீழ, கைலிக் கட்டுக்கு மேல, கட்டைவிரலால அழுத்துனான். வாயைக் குவிச்சு ஒரு மூச்சு விட்டான். பெறகு இடது காலைக் கொஞ்சம் தூக்கி, குதிகால் பலகையில படாம வச்சுக்கிட்டு, வலது கால்ல நின்னான். தெரியும் ஒச்சம்மாவுக்கு, அப்படி நிக்கிறது என்னன்னு தெரியும். அவளுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. வலின்னுகூடத் தோணாது, ஒரு காலு மட்டும் கனக்குற மாதிரி இருக்கும், மாத்தி மாத்தி நிக்கத் தோணும், கட்டைவிரலு தானா அந்த எடத்தைத் தேடும். வெறும் சூடு, வெறும் வாயுன்னு நெனச்சுக்கிட்டுச் சுக்குக் கசாயம் குடிச்சா அப்போ. இவனும் போயிக் காளியம்மாவைக் கசாயம் போடச் சொல்லுவான். பெறகு ஒரு நாளு காலையில பாயை விட்டு எந்திரிக்க முடியாமக் கெடப்பான். கொத்தனுக்கு இடுப்புப் போனா யாரும் ஓஸ் குடுக்க மாட்டாக. நல்லா வேணும்னு கொஞ்சம் முன்னால நெனச்சது இப்ப நாக்குல கசந்துச்சு. அதுக்காகச் சங்கவியக் கூப்பிட்டுச் சொல்றதா? ஐயே, மாட்டா. சொன்னா அவளோடதாயிரும் அது. நாளைக்கே இடது பக்கம் வைப்பா, கை படிஞ்சிரும், எல்லாம் முடிஞ்சுரும். சொல்லாட்டி அவன் இடுப்பு போயிரும். சொன்னா இவ போயிருவா. இந்தப் பக்கமும் போக முடியல, அந்தப் பக்கமும் போக முடியல, சுவத்துல ஒரே எடத்துல தண்ணி பீச்சிக்கிட்டு நிக்கிறா, சாந்து கரைஞ்சு வழியுதுங்கிறதுகூடத் தெரியாம.

வாசப் பக்கம் மணல் லாரி வந்து நின்னு ஆரன் அடிச்சுச்சு. சங்கவி அப்பத்தான் ஒரு சட்டிய வலது பக்கம் வச்சுட்டு எறங்கிக்கிட்டிருந்தா. மேஸ்திரி அங்கிருந்தே கத்துனான். "ஏ சங்கவி, ஓடியா, லாரிக்குப் பின்னால நின்னு பாரு, சுவத்துல இடிச்சிரப் போறான்!" அவ குடுகுடுன்னு ஓடுனா, அந்த ஓட்டத்தையும் பாத்து வயிறு ஒருக்கா எரிஞ்சுச்சு, அது வேற விசயம். ஒச்சம்மா ஓஸைக் கீழ போட்டா. ஏணிகிட்டப் போனா. முதப் படியில கால வச்சதும் சுண்டுவிரல்ல கரண்டு அடிச்சுச்சு, ரெண்டாவது படியில அது தொடைக்கு வந்துச்சு. யாரு ஏறச் சொன்னா ஒன்னைய? யாரும் சொல்லல. மேல் படிக்கு வந்துட்டா. அவன் கெண்டைக்கால் தெரிஞ்சுச்சு, காஞ்ச சிமெண்டு ஒட்டின முடி, பீடியும் வேர்வையும் கலந்த அந்த வாசம். இத்தனை நாளு இந்த எடம் அவளோடதா இருந்துச்சு. சட்டியோட காதைப் பிடிச்சா. தூக்கக் கூடாதும்மா. தூக்குனா. திருப்பக் கூடாதும்மா. திருப்புனா. அவன் குதிங்காலுக்குப் பின்னால, ரெண்டு கையையும் நீட்டி, இடுப்பை முறுக்கி, அந்தப் பக்கம் கொண்டுபோயி வச்சா. கண்ணுக்குள்ள வெள்ளையா என்னமோ வெடிச்சுச்சு. மூச்சு நின்னுபோச்சு. சத்தம் வரக் கூடாதுன்னு முந்தானையக் கடிச்சுக்கிட்டா. தவசி கல்லைச் சுவத்துல வச்சு, கரண்டிக் காம்பால ஒரு தட்டுத் தட்டி, திரும்பாமயே சாந்துக்கு வந்தான். கரண்டி வலது பக்கம் போச்சு, வெறும் பலகையில தட்டுச்சு. நின்னுச்சு. பெறகு இடது பக்கம் எறங்கி, சாந்துக்குள்ள சதக்குன்னு எறங்குச்சு. ஒரு அள்ளு, ரெண்டு அள்ளு, முறுக்கல் இல்லாம, பழைய ஓட்டம். ஏணி லேசா ஆடுனது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். சுவத்தைப் பாத்துக்கிட்டே சொன்னான்.

"கை படிஞ்சிருச்சு சங்கவி."

வாயைத் தெறந்து நான்தான்யான்னு சொல்லியிருக்கலாம். மூச்சு இல்ல. மூச்சு இருந்தாலும் சொல்லியிருப்பாளான்னு தெரியல. முந்தானை வாயிலயே இருக்க, ஒவ்வொரு படியா, கழுத்தளவு தண்ணிக்குள்ள எறங்குற மாதிரி எறங்குனா. காலு தரையில பட்டதும் நிமுரப் பாத்தா, நிமுர வரல. பாதி குனிஞ்ச வாக்குலயே நடந்து போயி ஓஸை எடுத்துக்கிட்டா, குனிஞ்சிருந்ததுனால எடுக்கிறதுக்குச் சுலபமா இருந்துச்சு. அந்த வார்த்தை. அவளுக்கு வந்த வார்த்தைதான் அது, அவ வச்ச சட்டிக்கு வந்த வார்த்தை, ஆனா பேரு வேற. அவ கண்ணு முன்னாலயே, அவ தலைக்கு மேலயே, அவளைத் தாண்டி லாரிக்குப் பின்னால நிக்கிறவளுக்குப் போயிருச்சு. அடப்பாவி மனுசா, காலடிச் சத்தத்தை வச்சே ஆளைக் கண்டுபிடிக்கிற நாயிகூட இருக்கு, இத்தனை வருசம் வாங்கிக் கட்டுன ஒனக்கு என் கை தெரியலையா? சங்கவி மேல வந்த ஆத்திரம் போதாதுன்னு இப்ப அவன் மேலயும் சேத்து வந்துச்சு. ஆனா அவன் காலை நல்லா ஊணி நிக்கிறான், ரெண்டு காலும், குதிகால் பலகையில பதிஞ்சிருக்கு. அதையும் பாத்து வச்சுக்கிட்டா.

லாரி மணலைக் கொட்டிட்டுப் போச்சு. சங்கவி மூஞ்சியெல்லாம் தூசியோட வந்தா. டிங், டிங். ஓடுனா, சட்டிய ரொப்பித் தலையில எத்துனா, ஏறுனா, மேல் படியில போயி அப்படியே நின்னுட்டா. பழைய சட்டி இடது பக்கம் இருக்கு. அவ அதைப் பாத்தா. அவன் கையில இருக்கிற கரண்டியப் பாத்தா. இந்த வாரம் பூரா கண்ணு முன்னால இருந்த கையை இப்பத்தான் மொத மொதப் பாக்குற மாதிரிப் பாத்தா. தவசி கல்லை எடுத்துக்கிட்டே, "அதே மாதிரி வைய்யி"ன்னான். சங்கவி சட்டிய அவனுக்குப் பின்னால நீட்டி, உடம்பை முறுக்கி, கஷ்டப்பட்டு அந்தப் பக்கம் வச்சா. அந்த முறுக்கல்ல அவ மூஞ்சி ஒரு கணம் சுருங்குச்சு. ஒச்சம்மா பாத்தா. சங்கவி எறங்கி நேரா இவகிட்ட வந்தா, மெதுவாக் கேட்டா.

"அக்கா, நீங்கதான ஏறி வச்சீங்க?"

"நானா?" ஒச்சம்மா ஓஸை விட்டுக் கண்ணை எடுக்கல. "இடுப்பு ஒடிஞ்சவ நான் எங்க ஏறப் போறேன். காலையில இருந்து இங்கதான நிக்கிறேன், குருடியா நீ?"

"இல்லக்கா, கொத்தனாரு நான் வச்சேன்னு நெனச்சுக்கிட்டு…"

"நெனச்சாருன்னா வச்சுக்க. போ, போயி வேலையப் பாரு."

அந்த ஒரு சட்டிய மட்டும் ஒச்சம்மா குடுக்க மாட்டா. எல்லாத்தையும் எடுத்துக்க, சுவத்தை எடுத்துக்க, அவன் சொன்ன வார்த்தையையும் எடுத்துக்க, ஆனா ஏறுனது நான்தான்னு ஒத்துக்கிட்டு, நீ ஐயோ பாவம்னு என்னையப் பாக்குறதுக்கு அதைத் தர மாட்டேன். அது எனக்கு. சங்கவி இவளோட நனைஞ்ச சேலையையும், சட்டைக்குள்ள புடைச்சுத் தெரிஞ்ச பெல்ட்டையும், நிமுர முடியாத முதுகையும் பாத்தா. பெறகு ஏணிகிட்டப் போனா. இன்னொரு சட்டி எடுத்துக்கிட்டுத்தான் ஏறுவான்னு ஒச்சம்மா நெனச்சா. அவ ஏறல. ஏணியோட ரெண்டு காலையும் பிடிச்சுத் தூக்கி, தரையில சரசரன்னு கோடு விழ இழுத்துக்கிட்டுப் போயி, தவசிக்கு அந்தப் பக்கம், இடது பக்கமாச் சாத்தி வச்சா. ஆட்டிப் பாத்தா, ஆடல. சட்டியத் தூக்குனா, ஏறுனா, நேரா முன்னால வச்சா. முறுக்கல் இல்ல, நீட்டல் இல்ல. வச்சுட்டு எறங்கி வந்துட்டா.

அம்புட்டுத்தானா?

ஒச்சம்மா ஏணியவே பாத்துக்கிட்டு நின்னா. தரையில ஏணி இழுத்த ரெண்டு கோடு, வலது பக்கத்துல இருந்து இடது பக்கத்துக்கு, ஒரு நாலு எட்டு தூரம்கூட இருக்காது. எத்தனை வீடு, எத்தனை மாடி, எத்தனை வருசம், ஒரு நாளு, ஒரே ஒரு நாளு ஏணிய நகத்தி வைப்போம்னு அவளுக்குத் தோணலையே. ஏன் தோணல? அவ்வளவு மக்கா இருந்தோமான்னு சிரிப்பு வந்துச்சு, சிரிச்சா இடுப்புல பிடிச்சுச்சு. மக்கு இல்ல. அது அவளுக்கே தெரியும். ஏணி இடது பக்கம் இருந்திருந்தா வச்சுட்டு எறங்கி வந்திருக்கணும். அவன் குதிங்காலுக்குப் பின்னால கையை நீட்டுற அந்த ஒரு கணம் இருந்திருக்காது. அவன் திரும்ப வேண்டியதைத் தான் திரும்புறோம்ங்கிற அந்த நெனப்பு இருந்திருக்காது. யாராவது அன்னிக்கே வந்து நகத்தியிருந்தா, இவளே திரும்பவும் இழுத்து வலது பக்கம் போட்டிருப்பா. அதை நெனச்சதும் கண்ணு நெறைஞ்சுச்சு, இந்தத் தடவ துடைச்சுக்கல. இப்பவும் எரிஞ்சுச்சு. சங்கவிய நெனச்சு எரியல, அவ இடுப்பை நெனச்சும் எரியல. ஒரு இடுப்பையும் செலவழிக்காம அவனுக்குச் சாந்து குடுக்க முடியுதே அவளால, அதை நெனச்சுத்தான் எரிஞ்சுச்சு.

"ஏ ஒச்சம்மா, எங்க பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிற? தண்ணி பூரா கால்ல போகுது பாரு!" மேஸ்திரி கத்துனான். மேல கரண்டி டிங், டிங்னு தட்டுச்சு. ஒச்சம்மாவோட இடுப்பு குனியப் பாக்கல. அது ஏற்கெனவே குனிஞ்சுதான் இருந்துச்சு. அவ ஓஸைத் தூக்கி, காஞ்சு வெளுத்துக்கிட்டு வந்த அடுத்த வரிசையில பிடிச்சா.